‘சளி எடுத்தாச்சா?’: பிறந்த குழந்தையின் முதல் நிமிடத்துக்கு ஒரு வரலாறு

இந்த வார எபிசோடில் ராஜா இல்லை, போர் இல்லை. கோட்டைகூட ஊர்ப் பேரில் மட்டும்தான் இருக்கு. அருப்புக்கோட்டையில் இருந்து ஆரம்பிக்கிறோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி என் சித்தப்பா மகளுக்குப் பிரசவம். அப்பா ஊர் திருச்சுழிக்குப் பக்கம், அதனால் குடும்பமே பிரசவ வார்டு வாசலில் நிக்குது. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "பொம்பளப் பிள்ளை, நல்லா இருக்கு" என்றார். சித்தி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சளி எடுத்தாச்சா சிஸ்டர்?"

"பிள்ளைதான் நல்லா அழுதுருச்சேம்மா, எதுக்கு எடுக்கணும்? துடைச்சு அம்மா நெஞ்சு மேல போட்டிருக்கோம்."

சித்திக்கு மனசு ஆறவே இல்லை. "என் ரெண்டு பிள்ளைக்கும் குழாய் விட்டு எடுத்தாங்க. இப்ப அதைக்கூடச் செய்ய மாட்டேங்கிறாங்க பாரு" என்று எங்களிடம் முணுமுணுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சொன்னது: "என் காலத்துல ஏதுடி குழாய்? துணியால துடைச்சா. அம்புட்டுத்தான்."

அப்பத்தா காலத்தில் துணி. சித்தி காலத்தில் குழாய். தங்கச்சி காலத்தில் மறுபடியும் துணி. நடுவில் என்ன நடந்தது? குழாய் ஏன் வந்தது, ஏன் போனது? அது இன்னும் கட்டாயம் வேண்டியிருக்கிற ஒரு இடம் இருக்கு, அங்கே அதை எப்படிப் பயன்படுத்தணும்? இன்னிக்கு இதைத்தான் பேசப்போறோம்.

துணியும் விரலும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போனவங்களுக்குத் தெரியும். வானம் பார்த்த பூமி. கரிசல் மண், கண்மாய், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சீமைக் கருவேலம். மழை பெய்தால் குண்டாற்றில் தண்ணி, இல்லாவிட்டால் மணல். இன்னிக்கு மதுரை–தூத்துக்குடி நாலு வழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகப் போகுது, மதுரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆனால் மாட்டுவண்டி காலத்தில் அந்த 50 கிலோமீட்டர் ஒரு பிரசவ வலிக்கு ரொம்ப ரொம்ப தூரம். அதனால் பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தன. 1879 டிசம்பரில் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, அவரும் அப்படி வீட்டில் பிறந்த பிள்ளைதான்.

பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. பல ஊர்களில் அவர் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். கூலி பெரும்பாலும் தானியமாக வரும். நடு ராத்திரியில் வீட்டுக்குள் கூப்பிட்ட அதே குடும்பம் மற்ற நாளில் அவரை வாசலோடு நிறுத்தியது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்லணும்.

பிள்ளை வெளியே வந்ததும் அவர் செய்தது என்ன? விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைப்பார். முகத்தைத் துடைப்பார். அழாவிட்டால் முதுகைத் தேய்ப்பார், தண்ணி தெளிப்பார், காதுக்குப் பக்கத்தில் சத்தம் எழுப்புவார். இதில் பல விஷயங்கள் ரொம்பப் பழசு. சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலில் பிறந்த குழந்தைக்கு என்ன செய்யணும் என்று ஒரு பகுதி இருக்கு. காதருகே கல்லைத் தட்டுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, அப்புறம் அண்ணம், உதடு, தொண்டை, நாக்கு எல்லாவற்றையும் துடைப்பது. எப்படித் துடைக்கணும் தெரியுமா? நகத்தை நன்றாக வெட்டிய விரலில், சுத்தமான பஞ்சைச் சுற்றி. நகம் வெட்டியிருக்கணும் என்று யோசித்த அந்த ஆள், அந்தச் சின்ன வாய் எவ்வளவு சீக்கிரம் கிழியும் என்று பார்த்திருக்கணும்.

உடனே "பாட்டி சொன்னது எல்லாம் சரி" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு அடிக்க வேண்டாம். அதே துணி சுத்தமாக இல்லாவிட்டால் தொற்று. தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள், மேலே எதைத் தடவினார்கள் என்பதைப் பொறுத்து டெட்டனஸ். அதில் எத்தனையோ பிள்ளைகள் செத்தன. பிறந்த குழந்தைகளின் டெட்டனஸை ஒழித்துவிட்ட நாடு என்ற நிலைக்கு இந்தியா வந்தது 2015-ல்தான். 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு 13. துணி மட்டும் போதும் என்றிருந்தால் இந்த இறக்கம் நடந்திருக்காது.

அழவே அழாத பிள்ளைக்கு மருத்துவச்சியிடம் ஒரு கருவியும் இல்லை. அதுதான் பெரிய குறை. ஆங்கில ஆட்சிக் காலத்தில் 1885-ல் டஃபரின் நிதி, 1903-ல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி என்று தாய்மார்களுக்கும் மருத்துவச்சிகளின் பயிற்சிக்கும் திட்டங்கள் வந்தன. சென்னை எழும்பூரில் 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் கரிசல் காட்டுக்கு அதெல்லாம் வந்து சேர இன்னும் பல தலைமுறை ஆச்சு.

வாயால் உறிஞ்சும் குழாய்

இப்போ கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம், ஏன்னா அந்தக் குழாய் அங்கிருந்துதான் வந்தது.

மூச்சுவிடாத பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் விடும் யோசனை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே இருக்கு. லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெள்ளிக் குழாயைப் பிள்ளையின் மூச்சுக்குழலில் வைத்து வாயால் ஊதினார். உள்ளே காற்றைக் கொடுப்பது என்பதுதான் அவர் நோக்கம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கு உலகம் முழுக்கப் பரவிய கருவிக்கு ஒரு சிகாகோ மகப்பேறு மருத்துவரின் பேர்: ஜோசப் டிலீ. ஒரு சின்ன சீசா, அதிலிருந்து ரெண்டு குழாய். ஒன்று பிள்ளையின் வாய்க்குள், இன்னொன்று மருத்துவரின் வாய்க்குள். உறிஞ்சினால் சளி நடுவில் சீசாவிலேயே தங்கிவிடும். கரண்டு வேண்டாம், மெஷின் வேண்டாம். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘மியூகஸ் எக்ஸ்ட்ராக்டர்’ என்று சொல்லும் பிளாஸ்டிக் சாமான் இதன் வாரிசுதான். கரண்டு எப்ப வரும் எப்ப போகும் என்று தெரியாத இடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசிச்சுப் பாருங்க. கூடவே காலால் மிதிக்கிற பம்பு, கையால் அமுக்குகிற ரப்பர் குமிழ், சுவரில் பொருத்திய சக்ஷன் லைன் என்று வகை வகையாக வந்தன.

வாயால் உறிஞ்சும் பழக்கம் ஆட்டம் கண்டது 1980-களில். காரணம், எச்.ஐ.வி. இந்தியாவில் அது இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்ததே சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பிரசவ ரத்தமும் நீரும் கலந்த குழாயை வாயில் வைத்துக்கொள்வது ஆபத்து என்று எல்லாருக்கும் உறைத்தது. வாய் போய் மெஷின் வந்தது. சித்தியின் பிள்ளைகள் பிறந்தது இந்தக் காலத்தில்.

கவனிச்சீங்களா? இதுவரை எல்லாரும் கேட்ட கேள்வி ‘எதால் எடுப்பது?’ என்பதுதான். ‘எடுக்கணுமா?’ என்று யாரும் கேட்கவில்லை.

நுரையீரலில் இருக்கும் தண்ணி எங்கே போகுது?

"பிள்ளை தண்ணி குடிச்சிருச்சு" என்று நம்ம வீடுகளில் சொல்வாங்க. உண்மையில் வயிற்றில் இருக்கும் எல்லாப் பிள்ளையின் நுரையீரலிலும் நீர்தான் நிறைந்திருக்கு. அதுதான் இயல்பு. அந்த நீரை நுரையீரலே சுரக்கிறது. பிறக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட அரை டம்ளர்வரை இருக்கலாம்.

அது எப்படிக் காலியாகுது? பிரசவ வலி வரும்போதே நுரையீரலின் சுவர், சுரப்பதை நிறுத்திவிட்டு உறிஞ்ச ஆரம்பிக்கும். பிள்ளை முதல் சில மூச்சை இழுக்கும்போது, உள்ளே வரும் காற்று அந்த நீரைத் திசுக்களுக்குள் தள்ளும். அங்கிருந்து ரத்தத்தோடு போய்விடும். வாயில் குழாய் வைத்து எடுக்கிற நீர் வாயிலும் தொண்டையிலும் இருப்பது மட்டும். நுரையீரலைக் காலி செய்வது பிள்ளையின் மூச்சுதான்.

சரி, குழாய் உதவாவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே என்று தோணும். 1971-ல் கொர்டேரோ, ஹான் என்ற ரெண்டு மருத்துவர்கள் இதைத்தான் சோதித்தார்கள். நல்லா இருக்கும் பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகத் தொண்டை வரை குழாய் விட்டு எடுக்கும்போது இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சில பிள்ளைகளுக்குத் துடிப்பு சட்டென்று விழுந்தது. சிலருக்கு மூச்சே நின்றது. ரப்பர் குமிழால் எடுத்த பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. தொண்டையின் பின்பக்கத்தைக் குழாய் தொடும்போது வேகஸ் என்ற நரம்பு தூண்டப்படும். அது இதயத்துக்கு ‘மெதுவா போ’ என்று சொல்லும் நரம்பு. பிறந்த முதல் நிமிடத்தில் பிள்ளைக்குத் தேவைப்படாத ஒரே கட்டளை அதுதான்.

1971-ல் வந்த எச்சரிக்கை. ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் குழாய் விடும் பழக்கம் அதன் பிறகும் பல பத்தாண்டு உலகம் முழுக்க ஓடியது. ஏன்? எனக்குத் தோன்றும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. குழாய் விட்டால் ஏதோ வெளியே வரும். சீசாவில் கண்ணால் பார்க்கலாம். பார்த்தவர்களுக்கு ‘நல்லவேளை எடுத்தோம்’ என்று நிம்மதி. எடுக்காமல் இருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பச்சைத் தண்ணீர் பயம்

இந்தக் கதையின் பயங்கரமான பாகம் இது. சில பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னாடியே வயிற்றுக்குள் மலம் கழித்துவிடும். பனிக்குட நீர் பச்சையாக, சிலசமயம் கஞ்சி மாதிரி கெட்டியாக வரும். "மலத்தை முழுங்கிருச்சு" என்று டாக்டர் சொன்னால் மொத்தக் குடும்பமும் ஆடிப்போகும். அதில் நியாயம் இருக்கு. அது நுரையீரலுக்குள் போனால் மூச்சுத்திணறல் வரும், சில பிள்ளைகள் இறந்தும் போகும்.

1974-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினரும், 1976-ல் இன்னொரு அமெரிக்கக் குழுவும் ஒரு வழி சொன்னார்கள். தலை வெளியே வந்ததும், தோள் வருவதற்குள், வாயையும் மூக்கையும் உறிஞ்சிவிடு. பிறந்ததும் மூச்சுக்குழலுக்குள்ளேயே குழாய் விட்டு உறிஞ்சு. பிள்ளை மூச்சு இழுப்பதற்கு முன்னாடி எடுத்துவிட்டால் உள்ளே போகாது. கேட்கும்போது கச்சிதமான தர்க்கம். ஆனால் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்ட மாதிரி ரெண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனை அல்ல அவை. இருந்தும் அது பாடப்புத்தக விதி ஆனது. கால் நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது.

பிறகு ஒவ்வொரு செங்கல்லாகக் கழன்றது.

2000-ல் தாமஸ் விஸ்வெல் குழு 2,094 பிள்ளைகளிடம் சோதித்தது. பச்சை நீரில் பிறந்தாலும் நல்லா அழுகிற, துடிப்பாக இருக்கிற பிள்ளைகள். மூச்சுக்குழலில் குழாய் விட்டதால் ஒரு பலனும் இல்லை.

2004-ல் அர்ஜென்டினாவின் நெஸ்டர் வெய்ன் குழு 2,514 பிள்ளைகளிடம் சோதித்தது. தோள் வருவதற்கு முன் உறிஞ்சியதாலும் பலன் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழு. பச்சை நீரில் பிறந்து, துவண்டு கிடக்கும், அழாத பிள்ளைகள். இருப்பதிலேயே ஆபத்தானவர்கள். இவர்களிடம் ‘எடுக்காமல் விட்டுப் பார்ப்போம்’ என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது நம்ம ஊர். புதுச்சேரி ஜிப்மர். சுபாஷ் செட்ரி, ஆதிசிவம், விஷ்ணு பட் என்ற மூன்று மருத்துவர்கள் அப்படிப்பட்ட 122 பிள்ளைகளை ரெண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சுக்குழலில் குழாய் விட்டு உறிஞ்சி, பிறகு மற்ற சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு உறிஞ்சாமல் நேராக மற்ற சிகிச்சை. முடிவு 2015-ல் வெளியானது. நுரையீரல் பாதிப்பிலும் இறப்பிலும் ரெண்டு பக்கமும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்த வருஷம் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 175 பிள்ளைகளிடம் நடந்த சோதனையும் அதையே சொன்னது.

2015-ல் சர்வதேச வழிகாட்டுதல் மாறியது. துவண்ட பிள்ளையாக இருந்தாலும் மூச்சுக்குழலை வழக்கமாக உறிஞ்ச வேண்டாம், அந்த நேரத்தில் காற்று கொடு என்றது. அமெரிக்காவில் எழுதிய விதியைக் கேள்வி கேட்கத் தேவையான சோதனைகள் இந்தியப் பிரசவ அறைகளில் நடந்தன. பச்சை நீரில் துவண்டு பிறக்கும் பிள்ளைகளை அதிகம் பார்க்க வேண்டிய கஷ்டமும் நம்முடையதுதான். அது பெருமைப்பட்டுக்கொள்ள மட்டும் இல்லை, வருத்தப்படவும் ஒரு காரணம்.

மறுபடியும் துணி

அப்போ சாதாரணப் பிள்ளைகள்? 2013-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ரெண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரப்பர் குமிழால் உறிஞ்சினார்கள். மறு பாதிக்கு வாயையும் மூக்கையும் வெறும் துணியால் துடைத்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் ரெண்டு குழுவும் மூச்சுவிட்ட வேகம் சமமாக இருந்தது.

அப்பத்தா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் அவர் காலத்துத் துணிக்கும் இந்தத் துணிக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இன்னிக்குத் துடைத்தும் பிள்ளை மூச்சுவிடாவிட்டால் பக்கத்தில் ‘ஆம்பு பேக்’ இருக்கு. 1956-ல் டென்மார்க்கில் வந்த கருவி. கையால் அமுக்கினால் முகமூடி வழியாகக் காற்று உள்ளே போகும், விட்டால் தானாக உப்பிக்கொள்ளும். பிறக்கும் நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூச்சுக்கு ஏதாவது உதவி தேவைப்படும். முதல் ஒரு நிமிடத்துக்குள் அந்த உதவி தொடங்கணும். 2009-ல் மத்திய அரசு தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சி நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். சளியை எடுத்துக்கொண்டே நின்றால் அந்த நிமிடம் போய்விடும்.

பிளண்டெல்லின் வெள்ளிக் குழாயை ஞாபகம் வச்சுக்கோங்க என்று சொன்னேன் இல்லையா? அவர் உள்ளே காற்றைக் கொடுத்தார். நடுவில் எடுப்பதிலேயே கவனம் போய், திரும்ப அங்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

குழாய் வேண்டிய இடம்

இதுவரை கேட்டுவிட்டு ‘சக்ஷனே தப்பு’ என்று முடிவு செய்துவிடாதீங்க. வாயிலோ மூக்கிலோ உண்மையாகவே அடைப்பு இருந்தால் எடுத்தே ஆகணும். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கைத் தொட்டால் பிள்ளை சட்டென்று மூச்சு இழுக்கும், வாயில் இருப்பது உள்ளே போய்விடும். அதனால்தான் அந்த வரிசை.

இதைவிடப் பெரிய இடம் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. குறைமாசப் பிள்ளை, வென்டிலேட்டர், மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய். இந்தியாவில் இந்தத் துறையே இளசு. தேசிய பச்சிளம் குழந்தை மருத்துவ அமைப்பு உருவானது 1980-ல்தான்.

ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைக்கு வைக்கும் குழாயின் உள் விட்டம் 2.5 மில்லிமீட்டர். உங்க ஜூஸ் ஸ்ட்ராவைவிட மெல்லிசு. அந்தப் பிள்ளையால் இருமித் துப்ப முடியாது. சளி சேர்ந்தால் அந்த 2.5 மில்லிமீட்டர் அடைபடும், சில நிமிடத்தில் உயிருக்கே ஆபத்து. எடுத்தே ஆகணும். ஆனால் எடுக்கும் குழாய் உள்ளே போனதும் காற்றுப் பாதையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். சளியோடு நுரையீரலின் காற்றையும் இழுக்கும். ஆக்சிஜன் இறங்கும், இதயத் துடிப்பு குறையும். சேதம் செய்யாமல் எடுக்க முடியாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது. இங்கேதான் ‘எந்த முறை?’ என்ற கேள்விக்கு உண்மையான அர்த்தம் வருது.

ரெண்டு முறை இருக்கு. பழையது, திறந்த முறை. வென்டிலேட்டரைக் கழற்றி, குழாயை விட்டு, எடுத்து, திரும்ப மாட்டுவது. அந்தச் சில வினாடி பிள்ளைக்கு மெஷின் இல்லை. 1980-களில் இருந்து பரவியது மூடிய முறை. உறிஞ்சும் குழாய் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வென்டிலேட்டர் பாதையோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். மெஷினைக் கழற்றாமலே உள்ளே தள்ளி எடுக்கலாம்.

எது நல்லது? 2011-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தமே 252 பிள்ளைகள். மூடிய முறையில் ஆக்சிஜன் இறங்குவதும் துடிப்பு குறைவதும் கம்மி. ஆனால் அதனால் பிள்ளைகள் அதிகம் பிழைக்கிறார்களா, சீக்கிரம் மெஷினில் இருந்து விடுபடுகிறார்களா என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. எல்லாரும் மூடிய முறைக்கு மாறணும் என்று அது சொல்லவில்லை. மூடிய முறைக் கருவிக்கு விலையும் கூடுதல், ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அந்தச் செலவு சின்ன விஷயம் இல்லை.

முறை எதுவாக இருந்தாலும் பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயங்கள் சில உண்டு. மணி அடித்த மாதிரி ரெண்டு மணிக்கு ஒருதரம் எடுக்காதே, தேவை தெரிந்தால் எடு. குழாயின் நுனியைத் தாண்டி ஆழமாகத் தள்ளாதே, மூச்சுக்குழல் சுவர் புண்ணாகும். அழுத்தத்தைக் குறைவாக வை, 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரச அளவு. 10, 15 வினாடிக்குள் முடி. உப்புநீரை வழக்கமாக ஊற்றாதே.

‘தேவை தெரிந்தால்’ என்றால் யாருக்குத் தெரியணும்? ராத்திரி மூணு மணிக்கு அந்த வார்டில் நிற்கும் நர்ஸுக்கு. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஸ்டெதஸ்கோப்பில் கரகர சத்தத்தைக் கேட்டு, மானிட்டரைப் பார்த்து, இப்போ வேணும், இப்போ வேணாம் என்று முடிவு செய்வது அவர். ஒரு நர்ஸுக்கு ரெண்டு பிள்ளை என்றால் இது நடக்கும். பத்துப் பிள்ளை என்றால் கடிகாரத்தைப் பார்த்து எடுப்பதைத் தவிர அவருக்கு வேற வழி இல்லை. திறந்ததா மூடியதா என்ற விவாதத்தைவிட ‘எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்’ என்ற கேள்வி பெருசு.

மறுபடியும் அந்த வாசலில்

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்குது. 2008-ல் இருந்து 108 ஓடுது. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். அப்பத்தாவின் மாட்டுவண்டி தூரம் சுருங்கிவிட்டது. அந்த வண்டிக்குள்ளும், போய்ச் சேரும் வார்டிலும், பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஒரு ஆள் இருக்கணும். தூரம் சுருங்கியதன் பலன் அதில்தான் இருக்கு.

என் சித்தி அன்னிக்குக் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் ‘ஒண்ணும் செய்யலை’ என்பதற்கு அவர் அறிந்த அர்த்தம் ‘கவனிக்கலை’ என்பதுதான். ஏழைகளுக்கு அப்படித்தான் பழக்கம். அதனால் செய்யாமல் விட்டதற்கான காரணத்தை ஒரு வரியில் அவரிடம் சொல்வதும் சிகிச்சையில் சேரும். அந்த நர்ஸ் சொன்னார். "பிள்ளைதான் நல்லா அழுதுருச்சேம்மா." 1971-ல் இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் தெரிந்துகொண்டது அந்த ஒரு வரியில் இருந்தது. அவருக்கு வேற வேலை இருந்தது, சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த தடவை உங்க வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும்போது பெரியவங்க யாராவது ‘சளி எடுத்தாச்சா?’ என்று கேட்பாங்க. அவங்களைத் திட்டாதீங்க. அவங்க காலத்து நல்ல வைத்தியம் அதுதான். ‘பிள்ளை அழுதுச்சா, மூச்சு நல்லா விடுதா?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுங்க. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இந்த எபிசோடை நம்பாமல் அங்கே இருக்கும் டாக்டரிடம், நர்ஸிடம் கேளுங்க.

தங்கச்சி மகளுக்கு இப்போ பள்ளிக்கூடம் போகிற வயசு. வாய் ஓயாது. சித்திதான் இப்போ சொல்றாங்க, "அன்னிக்கு அழ ஆரம்பிச்சவ, இன்னும் நிறுத்தலை" என்று.

அடுத்த வாரம் பார்ப்போம்.